அண்ணாச்சி கடையும் ஐம்பத்தொரு சதவீதமும்

தாம்பரத்தை அடுத்த இந்தப் புறநகரில் குடிவந்த நாள்தொட்டு, இருபத்திரண்டு வருஷங்களாக எங்கள் தெருமுனை மளிகைக்கடைக்குப் போய்வந்துகொண்டிருக்கிறேன். கடைக்காரருக்குப் பூர்விகம் திசையன்விளைப் பக்கம். அவருடைய இயற்பெயரைச் சொல்லி ஒருவர் அழைத்து நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிலிருந்து பென்ஷன் வாங்கும் என்னைப் போன்றவர்கள் வரை அனைவருக்கும் அவர் அண்ணாச்சி. பத்தடி அகலமும் பதினெட்டடி ஆழமும் உள்ள அந்த இடத்தில், வாசலை மறித்தாற்போல் அரிசி மூட்டைகளும், விளிம்பு சுருட்டிய சாக்குகளில் உளுந்தும் கடலைப்பருப்பும், மேலே கம்பியிலிருந்து தொங்கும் ஷாம்புச் சரங்களும், கல்லாப்பெட்டிக்குப் பின்னால் திருச்செந்தூர் முருகன் படமும் அன்றிருந்தபடியே இன்றும் இருக்கின்றன. தட்டுத்தராசு போய் மின்தராசு வந்ததும், கைபேசியால் பணம் செலுத்துவதற்கான கட்டம்போட்ட அட்டை ஒன்று கல்லாவின் மேல் வந்து நின்றதுமே நான் கண்ட மாறுதல்கள்.

சென்ற மாதம் ஒரு மாலை, உளுந்து வாங்கப் போன என்னிடம் அவர் தம் கைபேசியைத் திருப்பிக் காட்டினார். பத்து நிமிஷத்தில் சாமானை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கும் செயலிகளில் ஒன்று அதில் திறந்திருந்தது.

"இந்த எண்ணெயைப் பாருங்க சார். இதே பாக்கெட்டை ஏஜென்சிக்காரன் எனக்குப் போடுத விலையைவிட, இவன் வீட்டு வாசல்ல கொண்டு குடுக்க விலை நாலு ரூவா கம்மியா இருக்கு. பேசாம இவன்கிட்டயே வாங்கிக் கடையில அடுக்கிரலாம் போலிருக்கு. அப்பிடி அடுக்குனா நான் கடைக்காரனா, இவனுக்கு வாடிக்கைக்காரனா, நீங்களே சொல்லுங்க."

மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் வணிகவியல் கற்பித்தவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்கு உடனே ஒரு பதில் சொல்லியிருக்கவேண்டியவன் நான். சொல்ல இயலவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அது மனத்தை விட்டு அகலாமல் இருந்ததனாலேயே இந்தப் பதிவை எழுதுகிறேன்.

சில்லரை வர்த்தகத்தில் அந்நிய நேரடி முதலீடு என்பது ஒரு காலத்தில் டில்லி ராஜாங்கத்தையே ஆட்டிவைத்த விவகாரம் என்பதை இன்றைய இளைஞர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. மொத்த வியாபாரத்தில் அந்நிய முதலீட்டுக்கு 1997-லேயே இடம் கொடுத்தாகிவிட்டது. ஒரே வணிகப் பெயருள்ள சரக்கை விற்கும் கடைகளில் 51 சதவீதம் வரை 2006-இல் அனுமதித்தார்கள். ஆயினும், பல நிறுவனங்களின் சரக்குகளை ஒரே கூரையின் கீழ் வைத்து விற்கும் கடை, அதாவது அண்ணாச்சி செய்கிற தொழிலையே பேருருவில் செய்கிற கடை, அந்நியருக்கு விலக்கப்பட்டதாகவே இருந்துவந்தது. 2011 நவம்பர் 24-ஆம் தேதி மத்திய மந்திரிசபை அந்தக் கதவையும் 51 சதவீத அளவுக்குத் திறப்பதென்று தீர்மானித்தது. பாராளுமன்றம் நாள்தோறும் அமளியில் ஒத்திவைக்கப்பட்டு, கடைசியில் டிசம்பர் 7-ஆம் தேதி, ஒருமித்த கருத்து உண்டாகும் வரையில் அந்த முடிவு நிறுத்திவைக்கப்படுகிறது என்று நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி சபையில் அறிவிக்கும்படி ஆயிற்று. மறு ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி அது மீண்டும் உயிர்பெற்றது. மம்தா பானர்ஜியின் கட்சி ஆதரவை விலக்கிக்கொண்டது. 20-ஆம் தேதி நாடெங்கும் பந்த் நடந்தது. அடுத்த நாள் பிரதமர் மன்மோகன் சிங் தொலைக்காட்சியில் தோன்றி, பணம் மரத்தில் காய்ப்பதில்லை என்று தேசத்தாருக்கு விளக்கம் சொன்னார். டிசம்பர் 5-ஆம் தேதி லோக்சபையில் எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா ஸ்வராஜ் கொண்டுவந்த எதிர்ப்புத் தீர்மானத்துக்கு ஆதரவாக 218 வாக்குகளும் எதிராக 253 வாக்குகளும் விழுந்தன.

கதவு திறந்தது என்றாலும் நிபந்தனைகளோடுதான் திறந்தது. வருகிறவர் குறைந்தபட்சம் 10 கோடி டாலர் கொண்டுவர வேண்டும். அதில் பாதியைக் கிடங்கு, குளிர்பதனம், போக்குவரத்து ஆகியவற்றில் மூன்று ஆண்டுகளுக்குள் போடவேண்டும். விற்கும் உற்பத்திப் பொருள்களில் 30 சதவீதத்தைச் சிறு தொழில்களிடமிருந்து வாங்க வேண்டும். 10 லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகரங்களில்தான் கடை வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தந்த மாநில அரசு சம்மதிக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி அத்தகைய நகரங்கள் 53. நம் மாநிலத்தில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சி ஆகிய நான்கு. முதலமைச்சர் ஜெயலலிதா தமிழ்நாட்டில் அனுமதியில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். தி.மு.க.வும் கொள்கையளவில் எதிர்த்தது. ஆனால் மத்திய ஆட்சி கவிழ்ந்துவிடக்கூடாது என்று காரணம் சொல்லி வாக்கெடுப்பில் அரசுக்கு ஆதரவாக நின்றது.

அந்தப் பந்த் நாளன்று அண்ணாச்சி ஷட்டரை இறக்கிவிட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நானும் உட்கார்ந்து, கிழக்கிந்தியக் கம்பெனியும் வியாபாரத்துக்கென்றுதான் வந்தது என்று தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் உரக்கப் பேசினேன். தேச விடுதலைப் போராட்டத்தின் கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த எனக்கு, 'அந்நியர்' என்ற சொல் காதில் விழுந்தமாத்திரத்தில் மற்ற யோசனைகளெல்லாம் பின்னுக்குப் போய்விட்டன. அன்று நான் எதிர்த்ததைக் குறித்து எனக்கு இன்றும் வருத்தமில்லை. ஆனால் எதிர்த்ததற்காக நான் சொன்ன காரணம் போதாது என்பதும், அந்தக் காரணத்தையே பற்றிக்கொண்டு நின்றதனால் நடந்த விஷயத்தைப் பார்க்கத் தவறினோம் என்பதும் இப்போது எனக்கு ஐயமின்றித் தெரிகிறது.

நடந்தது என்னவென்றால், அவ்வளவு அமர்க்களத்துக்குப் பிறகு திறந்த 51 சதவீதக் கதவின் வழியாக வந்தவர் பிரிட்டனைச் சேர்ந்த டெஸ்கோ ஒருவரே. 2013 டிசம்பர் கடைசியில் அனுமதி பெற்று, டாட்டா குழுமத்தின் டிரென்ட் நிறுவனத்தோடு பாதிப் பங்குக்குச் சேர்ந்துகொண்டார்கள். பிரான்சின் கார்ஃபூர், மொத்த வியாபாரக் கடைகள் ஐந்தை நடத்திப் பார்த்துவிட்டு 2014-இல் மூடிக்கொண்டு போய்விட்டது. வால்மார்ட், பார்த்தி குழுமத்தோடு வைத்திருந்த கூட்டை 2013-இல் முறித்துக்கொண்டு, மொத்த வியாபாரத்தோடு நின்றது. 2014-இல் ஆட்சி மாறிற்று. எதிர்க்கட்சியாக இருந்தபோது அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்களே ஆளவந்த பிறகும் 51 சதவீத விதி ஏட்டிலிருந்து நீக்கப்படவில்லை. அதன்படி புதிதாக ஒருவர் வந்து கடை திறந்ததுமில்லை. இதைக் கண்டு, வியாபாரிகள் ஜயித்துவிட்டார்கள் என்றே நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

2018-இல் அந்த வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃபிளிப்கார்ட் என்ற இணையச் சந்தையின் 77 சதவீதப் பங்கை வாங்கியபோதுதான், நாம் காவல் நின்ற வாசல் ஒன்று, அவர்கள் உள்ளே வந்த வாசல் வேறொன்று என்பது விளங்கிற்று. இணையச் சந்தைக்கான விதி என்னவென்றால், சந்தையை அந்நியர் முழுவதுமே சொந்தமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதில் விற்கும் சரக்கு அவருடையதாக இருக்கக்கூடாது என்பது. நம் ஊர் வாரச்சந்தையின் பாஷையில் சொல்வதானால், சந்தைத் திடலைக் குத்தகைக்கு எடுத்தவன் கடைக்கு இவ்வளவு என்று சுங்கம் வசூலித்துக்கொள்ளலாம், தானே துண்டு விரித்துக் கத்தரிக்காய் விற்கலாகாது. நியாயமான விதிதான். ஆனால் குத்தகைதாரனுடைய மைத்துனனும் மாப்பிள்ளையும் நல்ல இடங்களைப் பிடித்துக் கடை போட்டால் என்ன செய்வது? அதைத் தடுக்கவென்று 2018 டிசம்பரில் மேலும் சில கட்டுப்பாடுகளை விதித்தார்கள். ஒரு விற்பனையாளர் தமது கொள்முதலில் கால் பங்குக்கு மேல் அந்தச் சந்தைக்காரரின் குழுமத்திடமே வாங்கினால், அது சந்தைக்காரரின் சரக்காகவே கருதப்படும் என்பது அவற்றுள் ஒன்று. விதிக்குப் பின்னால் விதி வந்துகொண்டிருந்ததே, வாசல்கள் எத்தனை என்பதைக் காட்டுகிறது.

இனி, சுதேசி என்று நாம் நினைத்த பக்கத்தையும் பார்க்கவேண்டும். 2003-இல் பெங்களூரில் முதல் கடை வைத்த ஜெர்மனியின் மெட்ரோ நிறுவனம், 31 கடைகளாக வளர்ந்த தன் இந்திய வியாபாரத்தை 2,850 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸிடம் விற்பதாக 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அந்நியர் போனார், நம்மவர் வந்தார் என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. ஆனால் 2020-ஆம் ஆண்டின் பின்பகுதியில் அதே ரிலையன்ஸின் சில்லரை வணிக நிறுவனம் தன்னுடைய பங்கில் 10.09 சதவீதத்தை விற்று 47,265 கோடி ரூபாய் திரட்டிற்று. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவையும் அரபு நாடுகளையும் சேர்ந்த முதலீட்டு நிதியங்கள். அந்நிய மூலதனம் எது, சுதேச மூலதனம் எது என்று நூல் பிடித்துப் பிரிக்கக்கூடிய காலம் போய்விட்டது. அண்ணாச்சியின் எதிரில் இன்று நிற்பது ஒரு தேசத்தின் கொடி பறக்கும் கப்பல் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருடைய நாலு ரூபாய்க் கேள்விக்கு விடை, எதிரில் நிற்பதன் பருமனில் இருக்கிறது.

அந்த நாலு ரூபாய் எப்படி உண்டாகிறது? கம்பெனியிலிருந்து சரக்கு விநியோகஸ்தருக்கு வந்து, அவருடைய ஆள் வண்டியில் கடை கடையாக வந்து ஆர்டர் எடுத்து, இரண்டு பெட்டி, மூன்று பெட்டி என்று இறக்கிப் போவது அண்ணாச்சியின் வழி. லாரி லாரியாக வாங்குபவருக்குக் கம்பெனி நேரே கொடுக்கிறது. அளவுக்குத் தனிக் கழிவு, முன்வரிசையில் வைப்பதற்குத் தனித் தொகை, விளம்பரத்துக்குத் தனித் தொகை. இவ்வளவும் போதாமல் நஷ்டம் வந்தால், அதைப் பல ஆண்டுகள் தாங்கிக்கொள்ள முதலீட்டாளர்கள் இருக்கிறார்கள். 2021 முடிவில் நாடு தழுவிய விநியோகஸ்தர் சம்மேளனம் இந்த விலை வேற்றுமையை எதிர்த்துக் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதிற்று. மறு வருஷத் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்து விநியோகஸ்தர்கள் சில பெரிய கம்பெனிகளின் குறிப்பிட்ட பொருள்களை எடுக்கமாட்டோம் என்றுகூட நின்று பார்த்தார்கள். சரக்கு விற்கும் கம்பெனி எவ்வளவு பெரியதானாலும், அதனினும் பெரிய கொள்முதல்காரனுக்கு இறங்கித்தான் பேசும். அங்கே இறங்கின விலையை மற்றவர்களிடம் ஈடுகட்டிக்கொள்ளும்.

பருமனைப் பற்றிச் சொல்லும்போது என் தகப்பனார் நினைவு வருகிறது. விருதுநகரில் ஒரு கமிஷன் மண்டியில் அவர் கணக்குப்பிள்ளையாக இருந்தார். வாரந்தோறும் பத்திரிகைகளில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று பருப்பு, எண்ணெய், வத்தல் விலைகள் வெளிவருவதைப் பலர் பார்த்திருப்பீர்கள்; அந்த நிலவரத்தின் பின்னால் இருந்த ஜனங்களில் அவரும் ஒருவர். பள்ளி விடுமுறை நாட்களில் நான் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோவேன். வத்தல் நெடியில் தும்மல் ஓயாது. மூட்டை இறங்கும்போது எண்ணுகிறவர் 'ஒன்று' என்று சொல்லமாட்டார். 'லாபம்' என்று ஆரம்பித்து, 'ரெண்டு, மூணு' என்று போவார். முதல் எண்ணை அப்படிச் சொல்வது அங்கே பழைய வழக்கம்.

அந்த ஊர் வியாபாரிகளைப் பற்றி எனக்குப் பெருமதிப்பு உண்டு. வண்டிப் பாதைகளில் கள்வர் பயம் இருந்த காலத்தில், மாட்டுவண்டிகளும் சரக்கும் இராத்தங்குவதற்குப் பேட்டைகள் கட்டி, அவற்றைக் காப்பதற்கென்று ஒவ்வொரு வியாபாரியின் வரவிலிருந்தும் ஒரு சிறு பங்கைப் பொதுவில் ஒதுக்கினார்கள். மகமை என்பது அதற்குப் பெயர். உறவின்முறை என்ற அமைப்பின் கையில் சேர்ந்த அந்தப் பணத்திலிருந்து கிணறுகளும் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் எழுந்தன. காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலை வீடுதோறும் ஒதுக்கிய பிடியரிசியால் வளர்ந்ததென்று அந்த ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அதே சமூகத்து வியாபாரிகள் 1921-இல் தூத்துக்குடியில் தமக்கென ஒரு பாங்கியைத் தொடங்கினார்கள். இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்கி அதுதான். வெளியார் எவரும் மூலதனம் தர முன்வராத சிறு வியாபாரிகள், அணா அணாவாகச் சேர்த்துத் தமது மூலதனத்தைத் தாமே உண்டாக்கிக்கொண்டார்கள்.

ஆனால் அந்த மண்டிகளில் நான் பார்த்த வேறொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒரு சம்சாரி மூன்று மூட்டை முண்டு வத்தலோடு வந்திருந்தார். மூட்டை மூட்டையாகக் குத்தூசி போட்டும் கைவிட்டும் சாம்பிளுக்கென்று அள்ளினார்கள். அள்ளியது திரும்ப மூட்டைக்குப் போகவில்லை. ஈரத்துக்கென்று எடையில் ஒரு கழிவு, கமிஷன், இறக்குகூலி, கோயிலுக்கு ஒரு தொகை, எல்லாவற்றுக்கும் பின்னால் ஆடி மாதம் விதைப்புக்கு வாங்கிய முன்பணமும் அதற்கு வட்டியும். மீதியை என் தகப்பனார் சிட்டையில் எழுதிக் கொடுத்தார். அந்த மனிதர் பணத்தை மடியில் செருகிக்கொண்டு, "எல்லாம் சரியா இருக்கா கணக்குப்பிள்ளை?" என்று கேட்டார். "சரியா இருக்கு" என்றார் அப்பா. வீட்டுக்கு நடந்து வரும் வழியில், எதிர்த்த மண்டியில் குவிண்டாலுக்கு நாற்பது ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள் என்று அவரே என்னிடம் சொன்னார். பின் ஏன் அங்கே போகவில்லை என்று கேட்டேன். முன்பணம் இங்கே வாங்கியிருக்கிறார் அல்லவா என்றார்.

விற்கிறவனுக்குப் போக வேறு வாசல் இல்லாமற்போகும் நிலைதான் எனக்கு அச்சந்தருவது. அதை உண்டாக்குவதற்குக் கடல் கடந்து ஒருவர் வரவேண்டிய அவசியமில்லை. மூன்று மூட்டை வத்தல்காரருக்கு அதை எங்கள் ஊர் மண்டியே உண்டாக்கிவிட்டது.

ஆகையினால், 2012-இல் அந்நிய முதலீட்டை ஆதரித்தவர்கள் விவசாயியின் பெயரைச் சொன்னபோது, அவர்கள் சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் தள்ளமாட்டேன். இடைத்தரகு அதிகம் என்பது உண்மை. ஆனால் அவர்கள் கொடுத்த மருந்தைப் பற்றி எனக்கு ஆட்சேபம் உண்டு. பழமும் காய்கறியும் 30, 40 சதவீதம் வீணாகின்றன என்று மேடைதோறும் சொன்னார்கள். லூதியானாவில் உள்ள அறுவடைக்குப் பிந்திய தொழில்நுட்பத்துக்கான மத்திய ஆராய்ச்சி நிலையம் நாடெங்கும் அளந்து பார்த்து 2010-இல் சொன்ன கணக்கு 5.8 முதல் 18 சதவீதம்; 2015-இல் மறுபடி அளந்தபோது 4.58 முதல் 15.88 சதவீதம். இரண்டிலும் அதிகமாக வீணானது கொய்யா. இது சிறிய நஷ்டமன்று. ஆயினும், குளிர்பதனக் கிடங்கு கட்டுவதற்கு அந்நிய முதலீடு முழுவதுமே ஏற்கனவே அனுமதிக்கப்பட்டிருந்தது என்பதையும், அதற்கென்று திரண்டு வந்தவர் எவருமில்லை என்பதையும் அந்த மேடைகளில் யாரும் சொல்லவில்லை. பெரிய அங்காடிகளின் கொள்முதல் நிலையங்களிலோ, உருவும் நிறமும் ஒத்த முதல் தரத்தை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிவிடுகிறார்கள். திருப்பிய கூடை மறுபடியும் மண்டிக்குத்தான் போகிறது.

கெட்டுப்போகும் பொருளுக்குக் குளிர்பதனச் சங்கிலி அமைக்க அந்நியக் கடைக்காரர் வந்தால்தான் ஆகும் என்பதற்கு, காலையில் நம் வீட்டு வாசலில் விழும் பால் பாக்கெட் மறுப்புச் சொல்கிறது. பாலைவிட விரைவில் கெடுவது எது? 1946-இல் குஜராத்தின் கேடா ஜில்லாவில், தங்கள் பாலுக்கு ஒரே ஒரு கொள்முதல்காரர்தான் என்ற நிலையைப் பொறுக்கமாட்டாமல் கறவைக்காரர்கள் கூட்டுறவு சங்கம் அமைத்தார்கள். 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் அந்த முறையை நாடெங்கும் பரப்பிற்று. அதற்கு வெளிநாட்டு உதவி வேண்டாம் என்று அத்திட்டத்தை முன்னின்று நடத்திய வர்கீஸ் குரியன் சொல்லவில்லை. ஐரோப்பியப் பொருளாதார சமூகம் நன்கொடையாகக் கொடுத்த பால்பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும் விற்று வந்த பணமும், பின்னர் உலக வங்கிக் கடனும் அதில் சேர்ந்தன. சேர்ந்த பணத்தில் எழுந்த குளிர்பதன நிலையங்களும் டாங்கர் வண்டிகளும் மாத்திரம் பால் ஊற்றுகிறவர்களின் சங்கங்களிடம் இருந்தன. வந்த பணத்தைக் காட்டிலும், அது யார் கையில் நிலைத்தது என்பதில்தான் நான் கண்ணை வைக்கிறேன்.

தாய்லாந்தின் அனுபவமும் இதற்குப் பக்கபலம். 1997-இல் அந்த நாட்டு நாணயம் சரிந்தபோது, அங்குள்ள சி.பி. குழுமம் தன் லோட்டஸ் அங்காடிகளின் பெரும்பங்கை மறு வருஷம் டெஸ்கோவுக்கு விற்றது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்நியர் நடத்தி வளர்த்த அந்த அங்காடிகளை, மலேசியாவில் இருந்தவற்றையும் சேர்த்து, சுமார் 1,060 கோடி டாலர் கொடுத்து 2020-இல் அதே சி.பி. குழுமம் திரும்ப வாங்கிக்கொண்டது. கோழி வளர்ப்பதிலும் தீவனம் செய்வதிலும் அந்நாட்டில் முதன்மையான குழுமம் அது. 12,000-க்கும் மேற்பட்ட செவன்-இலெவன் கடைகள் அப்போதே அதன் கையில் இருந்தன. வர்த்தகப் போட்டிக்கான ஆணையம் நிபந்தனைகள் விதித்து அனுமதி அளித்தது. பாங்காக் சந்து ஒன்றில் மளிகைக்கடை வைத்திருப்பவருக்கு, எதிர்த்த அங்காடி சுதேசி ஆகிவிட்டதனால் என்ன ஆறுதல் கிடைத்திருக்கும்?

நம் சிறு கடைகளின் பக்கத்திலும் குறைகள் இல்லாமலில்லை. எடைக்குறைவும் கலப்படமும் அவற்றில் உண்டென்று எனக்குத் தெரியும். ஊரிலிருந்து கூட்டிவந்த பையன்கள் விடியற்காலை ஐந்து மணி முதல் இரவு பதினொன்று வரை நின்றபடியே பொட்டலம் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். பெரிய ஜவுளிக்கடைகளிலும் உட்கார விடவில்லை என்றுதானே, கடை ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் நம் மாநிலத்தில் சட்டமே செய்ய நேர்ந்தது? இந்த விஷயத்தில் சிறியவர் பெரியவர் இருவரும் திருந்த இடமிருக்கிறது.

எனினும், 2020 ஏப்ரலில் ஊரடங்கு அமலில் இருந்த அந்த நாட்களை எங்கள் தெரு மறக்காது. கட்டட வேலைக்குப் போகிறவர்களும் வீட்டு வேலை செய்கிற பெண்களும் வருமானமற்று இருந்தபோது, அண்ணாச்சி காலை நேரத்தில் பாதி ஷட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் அரிசியும் பருப்பும் பற்று எழுதிக் கொடுத்தார். நீளவாக்கில் மடித்த அந்தக் கணக்கு நோட்டில் பாதிப் பெயர்கள் 'மாடி வீட்டு அக்கா', 'பெயின்டர்', 'மூணாவது சந்து ஆயா' என்றே இருக்கும். வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது. சிலர் ஊரைவிட்டே போய்விட்டார்கள், அந்தத் தொகைகளை அவர் இன்னும் அடித்துவிடவில்லை. இப்படி ஒருவரை நம்பிக் கடன் கொடுப்பதற்கு வேண்டிய அறிவு அந்தத் தெருவில் இருபது வருஷம் உட்கார்ந்தவரிடந்தான் இருக்கும். 47,265 கோடி ரூபாய் திரட்டினாலும் அதை விலைக்கு வாங்க முடியாது.

இதையெல்லாம் யோசித்துவிட்டு, இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போனேன். கம்பெனிகள் யாருக்கு என்ன விலைக்குக் கொடுக்கின்றன என்பதை வெளிப்படையாக வைக்கச் சட்டம் வேண்டும். நஷ்டத்துக்கு விற்றுப் போட்டியாளரை ஒழிப்பதை, செய்பவர் அந்நியரானாலும் நம்மவரானாலும், போட்டி ஆணையம் விரைந்து விசாரிக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார்.

"சட்டம் வரட்டும் சார். வாரதுக்குள்ள நாங்க இருக்கணும்லா?"

அப்போதுதான் மகமையின் கதையை அவருக்குச் சொன்னேன். அவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. அவருடைய பாட்டனார் காலத்து விஷயம். சென்னையிலேயே 1904-இல் திருவல்லிக்கேணியில் வாங்குகிறவர்களே சேர்ந்து கூட்டுறவு சங்கம் அமைத்து, அது நூறு வருஷத்துக்கு மேலாக நடந்துவருவதையும் சொன்னேன். வாங்குகிறவர்கள் சேரலாம் என்றால் விற்கிறவர்கள் சேரக்கூடாதா? பேச்சு அன்று அவ்வளவோடு நின்றது. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. எங்கள் வட்டாரத்தில் உள்ள வேறு எட்டுக் கடைக்காரர்களைப் பார்த்துப் பேசியிருக்கிறார். இருவர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். ஒருவர், மற்ற கடைக்காரனுக்குத் தன் விற்பனை அளவு தெரிந்துபோகும் என்று மறுத்தாராம். மற்ற ஐவரும் அண்ணாச்சியுமாக ஆறு பேர், துவரம்பருப்பையும் எண்ணெய்யையும் மாத்திரம் முதலில் சேர்ந்து வாங்கிப் பார்ப்பது, மூட்டைக்கு இரண்டு ரூபாய் பொதுவில் ஒதுக்குவது என்று முடிவு செய்தார்கள். ஆறு பேருக்கும் பொதுவான ஒருவர் கணக்கு எழுதவேண்டும் என்று என்னைக் கேட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் லாரி வந்தது. தெருவிளக்கு இன்னும் அணையவில்லை. புது நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, தேதி எழுதி, துவரம்பருப்பு என்று தலைப்பிட்டுக்கொண்டு, என் தகப்பனார் உட்கார்ந்ததைப் போலவே மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். லாரியின் பின்கதவு இறங்கிற்று. முதல் மூட்டையைத் தோளில் வாங்கிய ஆளைக் கடைக்குள் கைகாட்டிவிட்டு, எழுதுங்க என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையசைத்து, "லாபம்" என்றார் அண்ணாச்சி.